மூன்று கிரகங்கள், ஒரு கனிமம்

நவரத்தின மோதிரம் ஒன்றைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். நடுவில் சூரியனுக்குரிய மாணிக்கம். சுற்றிலும் சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், குருவுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். முத்தும் பவளமும் கடல் உயிர்கள் கட்டிய சுண்ணாம்பு. வைரம் வெறும் கரி. மாணிக்கம், நீலம், நகைக்கடைகளில் கனக புஷ்பராகம் என்று விற்கப்படும் மஞ்சள் கல் ஆகிய மூன்றும் ஒரே கனிமம்.

அதன் பெயர் குருந்தம். இரண்டு அலுமினிய அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் கட்டப்பட்ட படிகம். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி, மோஸ் அளவில் 9. அதே பருமனுள்ள தண்ணீரைப்போல் நான்கு மடங்கு எடை. ஒளியை வளைக்கும் அளவு 1.76 முதல் 1.77 வரை. நிறத்தை மறைத்துவிட்டு இம்மூன்றையும் ஓர் ஆய்வுக்கூடத்தில் அளக்கக் கொடுத்தால், நடைமுறையில் ஒரே எண்கள்தான் வரும். எது சூரியனுடையது, எது சனியுடையது என்று அந்தக் கருவிகளால் சொல்ல இயலாது. நிறமே இல்லாத குருந்தமும் உண்டு. அதை வெள்ளைப் புஷ்பராகம் என்ற பெயரில், வைரம் வாங்க முடியாதவர்களுக்குச் சுக்கிரனின் மாற்றுக் கல்லாகக் கொடுக்கிறார்கள். ஆக, ஒரு கனிமம் நான்கு கிரகங்களுக்கு வேலை செய்கிறது.

சோதிட மரபு இவற்றை உறவினராகப் பார்ப்பதில்லை. சனி சூரியனின் மகன், ஆனால் தந்தைக்கும் மகனுக்கும் பகை. அதனால் மாணிக்கத்தையும் நீலத்தையும் சேர்த்து அணியக் கூடாது என்பார்கள். நவரத்தின மோதிரத்துக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. புராணக் கதையிலும் இவை தனித்தனி. கருட புராணத்தில் வலன் என்ற அசுரன் தேவர்களின் வேள்வியில் பலியாகிறான். அவன் எலும்பு வைரமாகிறது, பல் முத்தாகிறது, பித்தம் மரகதமாகிறது. இரத்தத்தைச் சூரியன் எடுத்துக்கொண்டு வானில் போகும்போது இராவணன் வழிமறிக்க, அது இலங்கையில் ஓர் ஆற்றில் விழுந்து மாணிக்கமாகிறது. கண்கள் சிங்களத்தில் விழுந்து நீலமாகின்றன. இரத்தம் வேறு, கண் வேறு என்பதுதான் கதையின் கணக்கு. ஆனாலும் இரண்டும் ஒரே தீவில் விழுவதைக் கவனிக்க வேண்டும். கதை சொன்னவருக்குப் படிகவியல் தெரியாது. கல் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருந்தது.

கல்லைக் கையால் தொட்டு வாழ்ந்தவர்களின் அறிவு இன்னும் ஆழமானது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான். சிலம்பு விற்கப் போய் உயிரிழப்பதற்கு முன் அவன் நடக்கும் தெருக்களில் ஒன்று இரத்தினக் கடைத்தெரு. அங்கே இளங்கோ ஒவ்வொரு கல்லாகச் சொல்லிக்கொண்டு போகிறார். வைரத்தின் குற்றங்கள், மரகதத்தின் குற்றங்கள், மாணிக்கத்தின் சாதிகள், முத்தைக் கெடுக்கும் குறைகள் என்று வணிகர் பேச்சு அப்படியே காப்பியத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த வரிசையில் மாணிக்கம், புஷ்பராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் ஆகிய ஐந்தையும் ஒன்றாகக் கட்டி, இவை ஒரே பிறப்பும் ஐந்து வேறு அழகும் உடையவை என்கிறார். வைரமும் மரகதமும் முத்தும் பவளமும் இந்தக் கட்டில் சேரவில்லை.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஐந்தில் மூன்று உண்மையிலேயே ஒரே கனிமம். நான்காவதான வைடூரியம் அலுமினியத்தோடு பெரிலியம் சேர்ந்த ஆக்சைடு. ஐந்தாவதான கோமேதகம் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்த சிலிக்கேட். வேதியியலின்படி ஐந்தும் ஒன்றல்ல. பிறகு ஏன் இந்த ஐந்து?

இரத்தினபுரிக்குப் போனால் விடை கிடைக்கிறது என்பது என் எண்ணம். இலங்கையின் அந்த மலைநாட்டு ஓரத்தில், நெல் வயல்களுக்கு அடியில், பழைய ஆறுகள் இழுத்து வந்து போட்ட சரளைப் படுகை இருக்கிறது. சிங்களத்தில் அதை ‘இல்லம்’ என்கிறார்கள். குழி தோண்டி, பக்கங்கள் சரியாமல் மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து, இல்லத்தை மேலே ஏற்றுகிறார்கள். பிறகு இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, அகலமான மூங்கில் கூடையில் அதைச் சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். மண் கரைந்து போகும். எடை குறைந்த வெண்கல் துண்டுகள் விளிம்பேறி வெளியே சிதறும். எடை மிகுந்தவை நடுவில் தங்கும். கடைசியில் அனுபவமுள்ள ஒருவர் ஈரக் கூடையை வெயிலுக்குச் சாய்த்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். அந்த ஒரு கூடையில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமான குருந்தம் கிடைக்கும், பூனைக்கண் வைடூரியம் கிடைக்கும், தேன் நிறக் கோமேதகமும் கிடைக்கும். கிடைக்காதவை மரகதமும் வைரமும். இளங்கோ சொன்ன ஐந்தும் அந்தக் கூடையின் ஐந்துதான். ‘ஒரே பிறப்பு’ என்று மதுரை வணிகர் சொன்னது ஒரே மண்ணில் எடுத்தது என்ற பொருளில் இருந்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த மண்ணின் வயது கதைகளையெல்லாம் மிஞ்சியது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இலங்கை, தென்னிந்தியா, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாம் கோண்ட்வானா என்ற பெருநிலத்தில் ஒட்டிக் கிடந்தன. கண்டங்கள் மோதிய அழுத்தத்திலும் வெப்பத்திலும் பாறைகள் உருமாறின. அலுமினியம் மிகுந்து சிலிக்கா குறைந்த இடங்களில் குருந்தம் விளைந்தது. சிலிக்கா தாராளமாக இருந்தால் அலுமினியம் அதோடு சேர்ந்துவிடும், குருந்தம் பிறக்காது. நம் பக்கத்தில் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் சிவந்த குருந்தம் உண்டு.  

இனி நிறத்துக்கு வருவோம். தூய குருந்தத்துக்கு நிறமில்லை. அலுமினியம் உட்காரவேண்டிய இடங்களில் நூற்றுக்கு ஓரிடம் அளவில் குரோமியம் உட்கார்ந்துவிட்டால் அது மாணிக்கம். குரோமிய அணுவைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள் நெருக்கி நிற்கின்றன. அந்த நெருக்கத்தில் குரோமியத்தின் எலக்ட்ரான்கள் வெள்ளொளியிலிருந்து ஊதாவையும் மஞ்சள்-பச்சையையும் விழுங்குகின்றன. மிஞ்சி வெளியே வருவது சிவப்பு, கூடவே கொஞ்சம் நீலம். நல்ல மாணிக்கத்தில் ஊதாச் சாயல் இழையோடுவது இதனால்தான்.

இதே குரோமியம் மரகதத்திலும் இருக்கிறது. மரகதம் பெரில் என்ற வேறு கனிமம். பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்தது. அதிலும் குரோமியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்களே நிற்கின்றன, ஆனால் பெரிலியமும் சிலிக்கானும் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுப்பதால் பிடி சற்றுத் தளர்கிறது. வீணைத் தந்தியைத் தளர்த்தினால் சுருதி இறங்குவதுபோல, குரோமியம் விழுங்கும் ஒளியும் ஒரு படி இறங்கி, மஞ்சள்-பச்சைக்குப் பதிலாக ஆரஞ்சு-சிவப்பாகிறது. பச்சை தப்பி வெளியே வருகிறது. சூரியனின் சிவப்பையும் புதனின் பச்சையையும் உண்டாக்குவது ஒரே தனிமம். இரண்டுக்கும் நடுவான பிடி உள்ள கனிமத்தில் குரோமியம் புகுந்தால் என்ன ஆகும்? அலெக்சாண்ட்ரைட் ஆகும். பகல் வெளிச்சத்தில் பச்சை, மெழுகுவத்தியிலும் குண்டு பல்பிலும் சிவப்பு. மேற்கத்தியர் ஜூன் மாதத்துக்கு ஒதுக்கிய கற்களில் இது ஒன்று.

நீலத்தின் வழி வேறு. இரும்பும் டைட்டானியமும் பக்கத்துப் பக்கத்து இடங்களில் உட்கார வேண்டும். ஒளி விழும்போது இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் டைட்டானியத்துக்குத் தாவுகிறது, அந்தத் தாவலுக்கு மஞ்சளும் சிவப்பும் செலவாகின்றன, நீலம் மிஞ்சுகிறது. பத்தாயிரத்தில் ஓரிரு அணுக்கள் போதும். டைட்டானியம் இல்லாமல் இரும்பு மட்டும் இருந்தால் மஞ்சள்.

மாணிக்கத்தைப் பற்றிய கதைகளில் ஒன்று உண்மைக்கு மிக அருகில் வருகிறது. அதற்குள் அணையாத நெருப்பு இருக்கிறது, துணியால் மூடினாலும் ஒளி கசியும் என்று ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் நம்பினார்கள். குரோமியம் விழுங்கிய ஒளியில் ஒரு பங்கை 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிறமாகத் திருப்பி உமிழ்கிறது. பர்மாவின் மோகோக் மாணிக்கங்கள் சலவைக்கல்லில் விளைந்தவை, இரும்பு மிகக் குறைவு. அதனால் வெயிலில் அவை மேலே விழும் ஒளியைத் திருப்புவதோடு நிற்காமல் தாமும் ஒளிர்கின்றன. இரும்பு மிகுந்த கற்களில் அந்த ஒளிர்வு அவிந்துவிடும். இருட்டறையில் எந்த மாணிக்கமும் தானாக எரியாது, ஆனால் வெயிலில் ஒரு மோகோக் கல்லைப் பார்த்தவர் நெருப்பு என்று சொன்னதில் தவறில்லை. இதே உமிழ்வைக் கொண்டுதான் 1960 மே 16 அன்று தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை இயக்கினார். அவர் பயன்படுத்தியது செயற்கை மாணிக்கத் தண்டு.

மேற்கத்தியரின் பிறந்த மாதக் கற்களுக்கும் இதே நிறக்கணக்குதான். அந்த வழக்கத்தின் வேர் விவிலியத்தின் யாத்திராகமத்தில் இருக்கிறது. தலைமைக் குரு ஆரோனின் மார்புப் பதக்கத்தில் 12 கற்கள், இஸ்ரவேலின் 12 கோத்திரங்களுக்காக. கி.பி. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் அந்தப் பன்னிரண்டை மாதங்களோடும் ராசிகளோடும் இணைத்துப் பேசினார். அந்தப் பதக்கத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் நீலம் இன்றைய நீலக்கல்லாக இருக்க வாய்ப்பு குறைவு. பழைய நூல்கள் அந்தப் பெயரில் விவரிக்கும் கல்லில் பொன் புள்ளிகள் மின்னுகின்றன. அது லாபிஸ் லசூலி, புள்ளிகள் பைரைட். நீலமாக இருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

ஒருவர் தான் பிறந்த மாதத்தின் கல்லை மட்டும் ஆயுள் முழுதும் அணிவது ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. ஊருக்கு ஊர் பட்டியல் மாறியது. 1912இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் கான்சாஸில் கூடி ஒரே பட்டியலை முடிவு செய்தது. ஜனவரிக்குக் கார்னெட், ஏப்ரலுக்கு வைரம், மே மாதத்துக்கு மரகதம், ஜூலைக்கு மாணிக்கம், செப்டம்பருக்கு நீலம் என்று இன்று நாம் காண்பது அதுதான். 1952இல் அதைத் திருத்தினார்கள், அலெக்சாண்ட்ரைட் அப்போது ஜூனுக்குள் வந்தது. 2002இல் டிசம்பருக்கு டான்சனைட் சேர்ந்தது. அந்தக் கல் தான்சானியாவின் மெரெலானி குன்றுகளில் 1967இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் நகைக்கடையான டிஃபனி அதற்குப் பெயர் வைத்தது. பெரும்பாலும் பழுப்பாகக் கிடைப்பதைச் சூடேற்றித்தான் நீல ஊதா ஆக்குகிறார்கள். இன்று அதற்கும் ஆன்மிக அமைதி தரும் குணம் சொல்லி விற்கிறார்கள். ஒரு கல்லைச் சுற்றி நம்பிக்கை எப்படி விளைகிறது என்பதை நம் வாழ்நாளிலேயே பார்த்துவிட்டோம்.

நிறத்தை நம்பியதில் அரசர்களும் ஏமாந்தார்கள். பிரிட்டிஷ் மன்னரின் மணிமுடியில் முன்பக்கம் பதித்திருக்கும், ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று பெயர் பெற்ற கல், மாணிக்கமே அல்ல. ஸ்பைனல். மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடு, அதிலும் குரோமியம்தான் சிவப்பைத் தருகிறது. இவை இரண்டும் வேறு வேறு கனிமங்கள் என்று 1783இல் பிரெஞ்சுப் படிகவியலாளர் ரோமே தெ லீல் பிரித்துக் காட்டினார். 2016இல் ஸ்பைனலுக்கு ஆகஸ்ட் மாதத்தில் இடம் கிடைத்தது.

எதிர்ப்பக்கச் செய்தியும் உண்டு. மார்ச் மாதத்துக் கல்லான கடல்நீலப் பெரிலும் மே மாதத்து மரகதமும் ஒன்றே என்று ரோமானியரான பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ஊகித்து எழுதினார். பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிது என்றும் சொன்னார். அவர் காலத்து ரோமுக்குக் கொங்கு நாட்டுப் பெரில் போய்க்கொண்டிருந்தது. காங்கேயத்துக்கு அருகே படியூரில் அதன் சுரங்கம், நொய்யல் கரையில் கொடுமணலில் பட்டறைகள். கொடுமணல் அகழாய்வில் பெரில், நீலம், சூதுபவளம், பளிங்கு என்று அரைகுறையாகப் பட்டை தீட்டியவையும் துளையிட்டவையும் குவியலாகக் கிடைத்தன. பிளினியின் ஊகத்தை 1798இல் வேதியியலாளர் வோக்லன் ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்தார். அந்த ஆய்வில்தான் பெரிலியம் என்ற தனிமமே வெளிப்பட்டது.

நிறம் வேற்று அணுக்களின் வேலை என்றால், அதை மாற்றவும் முடியும். இலங்கையில் தேங்காய்ச் சிரட்டைக் கரியில் கல்லை வைத்து, ஊதுகுழலால் ஊதி, சிவப்புக் கல்லில் படிந்த நீலக்கறையை நீக்கும் பழக்கம் வெகுகாலமாக உண்டு. மாணிக்கத்தைச் சூடேற்றுவதை 11ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனியே எழுதியிருக்கிறார். இலங்கையிலேயே ‘கெவுட’ என்ற பால்போன்ற மங்கல் குருந்தம் விலையில்லாமல் கிடந்தது. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அதை மலிவாக வாங்கிப்போய் 1,600 டிகிரி செல்சியஸுக்கு மேல் உலையில் வைத்தார்கள். மங்கலுக்குக் காரணம் உள்ளே பட்டிழைபோல் கிடந்த ரூட்டைல் ஊசிகள், அதாவது டைட்டானியம் ஆக்சைடு. வெப்பத்தில் ஊசிகள் கரைந்து டைட்டானியம் படிகத்துக்குள் பரவியது, ஏற்கெனவே இருந்த இரும்போடு இணை சேர்ந்தது, கல் நீலமானது. இன்று சந்தையில் உள்ள நீலக்கற்களில் பெரும்பாலானவை சூடு கண்டவை. பேருவளையில் தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்களின் கல் சந்தையில் ‘சூடு போட்டதா, போடாததா’ என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும் கேள்வி.

ஊசிகளைக் கரைக்காமல் விட்டால் அவை மூன்று திசைகளில் வரிசைப்பட்டு, மேடாக வெட்டிய கல்லில் ஆறு கதிர் நட்சத்திரத்தைக் காட்டும். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் 563 காரட் ‘இந்திய நட்சத்திரம்’ அப்படிப்பட்டது. பெயரில் இந்தியா இருந்தாலும் பிறந்தது இலங்கையில்.

ஏழரைச் சனி தொடங்கியது என்று கேள்விப்பட்ட குடும்பத்தில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். நீலம் வாங்க வேண்டும், அதுவும் குறைந்தது இத்தனை ரத்தி, கல் விரலைத் தொடும்படி அடியில் திறந்த மோதிரத்தில். முதலில் மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். கெட்ட கனவு வந்தால் கல் ஒத்துக்கொள்ளவில்லை. கவலையோடு படுப்பவருக்கு, கனவை எதிர்பார்த்தே படுப்பவருக்கு, கனவு வரத்தான் செய்யும். வந்தது நினைவிலும் நிற்கும். அந்தக் கனவில் கல்லுக்குப் பங்கில்லை. குருந்தம் வியர்வையில் கரையாது, அமிலத்துக்கும் அசையாது, தோலுக்குள் எதையும் விடாது. பட்டை தீட்டிய கல்லில் ஒளி மேலே நுழைந்து, அடிப்பட்டைகளில் மோதித் திரும்பி, மேல் வழியாகவே கண்ணுக்கு வருவதற்காகத்தான் அந்தக் கோணங்கள் வெட்டப்படுகின்றன. விரலுக்குள் ஒளி பாய்ச்சுவதற்காக அல்ல. கண்ணாடியைவிட வேகமாக வெப்பத்தை இழுப்பதால் தொட்டவுடன் குளிர்ச்சியாக இருக்கும், அது மட்டும் தோலுக்குத் தெரியும்.

பாட்டி கொடுத்த நீலத்தை ஒருவர் அணிந்திருந்தால் அதைக் கழற்றச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அதில் பாட்டி இருக்கிறாள். வேலை போன மனிதர் வட்டிக்குக் கடன் வாங்கி நீலம் வாங்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் வாங்கும் நீலத்தின் நிறம் அநேகமாக ஓர் உலையில் சில மணி நேரத்தில் வந்தது. அதற்கு முன் அதே கல் மங்கலான வெள்ளை, எந்தக் கிரகத்தின் பட்டியலிலும் இல்லாதது.

ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவே உள்ள எல்லையும் இப்படிப்பட்டதே. குரோமியம் மிகுந்த சிவந்த குருந்தம் மாணிக்கம், ஜூலை. குரோமியம் குறைந்து இளஞ்சிவப்பானால் மேற்கத்தியச் சந்தையில் அது இளஞ்சிவப்பு நீலக்கல் வகை, செப்டம்பர். கோடு எங்கே விழுகிறது என்பதில் ஆய்வுக்கூடங்களே ஒத்துப்போவதில்லை. ஒரே கல்லுக்கு இரண்டு சான்றிதழ் வந்தால் விலை பல மடங்கு மாறும்.

1902இல் பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்த் வெர்னுயீ, அலுமினா தூளைச் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். கைக்கடிகாரங்களின் தேய்மானம் தாங்கும் சிறு தாங்கிகள் அதன் பின் எல்லோருக்கும் எட்டும் விலைக்கு வந்தன. இன்று வளர்க்கப்படும் குருந்தத்தில் பெரும் பங்கு நிறமற்றது. உங்கள் வீட்டு எல்.இ.டி. விளக்குக்குள் இருக்கும் சில்லுகளில் பெரும்பாலானவை நிறமற்ற குருந்தத் தகட்டின் மேல் காலியம் நைட்ரைடை வளர்த்துச் செய்தவை. அந்த நீல ஒளி டையோடுக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இன் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தகடு செய்யும் அலுமினாவை 99.99 சதவீதத்துக்கு மேல் தூய்மைப்படுத்துகிறார்கள். இரும்பு, டைட்டானியம், குரோமியம் என்று இரத்தினபுரியின் கூடையில் எவற்றைத் தேடிப் பல தலைமுறைகள் குனிந்து நின்றார்களோ, அவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் வடித்தெடுப்பதுதான் அந்தத் தொழிற்சாலைகளின் முதல் வேலை.